நான் படித்த கல்வெட்டு

பெங்களூரில் ஒன்பது ஆண்டுகளாக இது எனக்குத் தினமும் நடக்கிறது. நான் கன்னடத்தில் கேட்பேன். பதில் தமிழில் வரும். "பஸ் எல்லி நில்லுத்தே?" என்று பாடுபட்டுச் சேர்த்த மூன்று சொற்களை நடத்துநரிடம் நீட்டினால், "எதிர்ல போய் நில்லுங்க சார்" என்கிறார். விழுப்புரத்து உறவினர்களோ, போனில் என் தமிழில் கன்னட வாடை அடிப்பதாகச் சொல்கிறார்கள். இரண்டு தரப்பும் என்னை அடுத்தவருக்குப் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்துவிட்டன.

என் மேலாளர் கிரீஷ், ஹாசன் ஊர்க்காரர், கன்னடர். நகரத்தின் பழைய இடங்களை எல்லாம் பார்த்துவிட வேண்டும் என்று இந்த ஆண்டு அவருக்கு ஓர் ஆசை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரும், பள்ளி ஆசிரியையான அவர் மனைவி வீணாவும் என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். காலையில் லால்பாக் பாறை மேலிருக்கும் கெம்பேகௌடர் கோபுரம். வெயில் சாய்ந்தபின் தொம்மலூர்ப் பக்கம், கண்ணாடிக் கட்டடங்களுக்குப் பின்னால் ஒதுங்கிக் கிடந்த ஒரு பழைய கோயில். அதன் அடிச்சுவர் நெடுக எழுத்துகள். கிரீஷ் ஒரு கல்லைத் தொட்டுக் காட்டி, "நிம்ம பாஷெ அல்வா? ஓதி ஹேளி" என்றார். உங்கள் மொழிதானே, படித்துச் சொல்லுங்கள் என்று பொருள். வீணா நோட்டைத் திறந்தார்.

என் ஊர்ச் சிவன் கோயில் சுவரிலும் இப்படித்தான் எழுத்து நிறைந்திருக்கும். அதன்மேல் சைக்கிளைச் சாய்த்திருக்கிறேன். கையில் மிஞ்சிய விபூதியைத் தடவியிருக்கிறேன். படித்துச் சொல் என்று ஒருவரும் கேட்டதில்லை. அங்கே தமிழனாக இருக்க ஒன்றும் தெரியவேண்டியதில்லை. இங்கே எட்டுக் கோடிப் பேரின் மானம் என் கண்பார்வையில் தொங்கியது. கல்லில் ஓர் எழுத்தும் பிடிபடவில்லை. ஆனாலும் விரலை வரிமேல் ஓட்டி, ஒருவர் கோயிலுக்கு நிலம் கொடுத்தார், சூரிய சந்திரர் உள்ளவரை விளக்கெரியவேண்டும் என்று நிதானமாகப் படித்தேன். எல்லாக் கல்வெட்டும் இதைத்தானே சொல்லும். வீணா வரி விடாமல் எழுதிக்கொண்டு, நாளைக்கே வகுப்பில் சொல்லப்போவதாகச் சொன்னபோதுதான் விரலைக் கல்லிலிருந்து எடுத்தேன்.

வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த மேரி என்கிற பெண்மணி, வெகுநேரமாக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர், தமிழில் சொன்னார்.

"சார், நீங்க படிச்சது கன்னடக் கல்லு. தமிழு அந்தாண்ட செவுத்துல கீது."

காகிதத்தில் மை ஒற்றிப் படியெடுக்க வந்தவர்கள் காட்டினார்களாம். தனக்கு எந்த எழுத்தும் தெரியாது என்றார். கிரீஷுக்கும் அது புரிந்துவிட்டது. அவர் சிரிப்பார் என்று காத்திருந்தேன். அவரோ குனிந்து, மூக்கு கல்லில் உரச, தன் மொழியைத் தேடிக்கொண்டிருந்தார். அவருக்கும் ஓர் எழுத்துகூட அகப்படவில்லை.

நான் வீணாவிடம் கன்னடத்திலேயே சொன்னேன்: படிக்கவில்லை, சும்மா அடித்துவிட்டேன், பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். முதல்முறையாக என் கன்னடத்துக்குக் கன்னடத்தில் பதில் கிடைத்தது. "கொத்தாய்த்து," தெரிந்துவிட்டது, என்றார் அவர். அந்தப் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

மேரி கிரீஷிடம் சரளமான கன்னடத்திலும் என்னிடம் தமிழிலும் எந்த ஊர் என்று விசாரித்தார். ஹாசன், விழுப்புரம் என்றோம். அவருடைய ஊரைக் கேட்டேன்.

"இதான். அதுக்கு முன்னால எதுன்னு வீட்ல யாருக்கும் தெரியாது" என்றவர், எங்கள் இருவரையும் பார்த்து, "ரெண்டு பேருமே வெளியூரா?" என்று பரிவோடு கேட்டார்.

கிளம்பும்முன் கிரீஷ் தன் போனை அவரிடம் கொடுத்து எங்களைப் படமெடுக்கச் சொன்னார். அந்தப் படம் இப்போது அலுவலகக் குழுவில் சுற்றுகிறது. சுவருக்குச் சொந்தக்காரர்கள் போல நானும் கிரீஷும் அதன்மேல் கைவைத்து நிற்கிறோம். வீணா சற்றுத் தள்ளி நிற்கிறார். படமெடுத்த மேரியின் நிழல் மட்டும் எங்கள் கைகளுக்கு நடுவே, எழுத்துகளின்மேல் நீளமாக விழுந்திருக்கிறது.