உள்விளிம்பில் 'நகல்' என்று எழுதியவர்

வேடசந்தூர் மில் ஒன்றில் ஏணிமேல் நின்று வயர் இழுத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "உங்க அண்ணன் போயிட்டாரு தம்பி" என்றார் மேரியக்கா. சவரிமுத்து அண்ணனின் மனைவி. அடக்கம் முடிந்த பிறகும் எனக்குள் துக்கத்தைவிட அருவருப்புதான் அதிகமாக இருக்கிறது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் காலத்துப் பெட்ரோல் பம்புகளின் உச்சியில், கம்பெனிப் பெயர் எழுதிய வெள்ளைக் கண்ணாடி உருண்டை விளக்காக எரியும். அதைத் தேடி வாங்கிச் சேர்ப்பவர்கள் உண்டு. கையில் இருப்பது அசலா என்று பார்த்துச் சொல்வதும், அசல் கிடைக்காதவர்களுக்கு அதேபோலச் செய்து தருவதும் அண்ணனின் தொழில். உள்ளே பல்பு மாட்டுவது என் வேலை. எழுத்தை அச்சு வைத்துப் பதித்துச் சூளையில் சுட்டு முடித்ததும், உள்விளிம்பில் சிவப்பில் 'நகல்' என்று எழுதி மறுபடி சுடுவார். "நம்ம சரக்கு அழகா இருக்கலாம்ப்பா. பொய் சொல்லக் கூடாது" என்பார்.

கன்னிவாடிப் பக்கம் விடுதி கட்டிய ஒருவர், அசல் என்று வாங்கிய உருண்டையை ஒருமுறை கொண்டுவந்தார். அண்ணன் அதை விளக்குக்கு எதிரே பிடித்தார். பழைய கண்ணாடி என்றால் ஓரம் நெருப்பாகச் சிவக்கும், இது சிவக்கவில்லை. உள்ளே விரலை விட்டு முகர்ந்தார். பழசாகக் காட்ட டீத்தண்ணியைப் பூசி, செத்த ஈக்களை வேறு ஒட்டியிருந்தார்கள். 'நகல்' இருந்த இடம் தேய்க்கப்பட்டுச் சொரசொரத்தது.

"த்தூ! நாஞ் செஞ்சதுய்யா இது. எம்புட்டு அசிங்கம் பண்ணிருக்கானுக!"

அன்று அவர் சோற்றில் கை வைக்கவில்லை. அதை விற்ற வியாபாரியைப் பிறகு வாசலிலேயே சேர்க்கவில்லை.

அந்த ஆள்தான் சாவு வீட்டுக்கு வந்தான். பெட்டியின் தலைமாட்டில் ஓர் உருண்டையை வைத்து எரியவிட்டான். "அசல் பீஸுதான்க்கா. அண்ணனுக்காகக் கொண்டாந்தேன்" என்று மூக்கைச் சிந்தினான். சிந்திய கையோடு, "அந்த எழுத்து அச்செல்லாம் சும்மாத்தான கெடக்கு? நான் எடுத்துக்கிறேன்" என்றான். பிணத்தின் பக்கத்தில் நின்று பேசுகிற பேச்சா இது!

மேரியக்கா எழுந்து உருண்டைக்குள் கைவிட்டு விளிம்பைத் தடவினார். அதே சொரசொரப்பு. பட்டறைக்குப் போய் சிவப்புப் பெயிண்டும் பிரஷும் எடுத்துவந்தார். முகப்பிலேயே, கம்பெனிப் பெயருக்குக் குறுக்காக, பெரிதாய் 'நகல்' என்று எழுதினார்.

"இப்ப எரியட்டும். அச்சு ஒண்ணுகூட இந்த வீட்டத் தாண்டாது. நீ கெளம்பு."

கூட்டம் மொத்தமும் பார்க்க அவன் போனான்.

கல்லறையில் சிலுவைக்குக் கீழே அந்த உருண்டையைத்தான் வைத்தோம். உள்ளே மெழுகுவர்த்தி ஏற்றும்போது, இன்னும் காயாத பெயிண்ட் என் விரலில் ஒட்டியது.

அண்ணே, உங்கள் தலைமாட்டில் பொய் இல்லை. தூங்குங்கள்.