எர்வின் மாரெக்கின் ஆளில்லா அடுப்பு

மாதா கோவில் கூடத்துக் காபிக் கொதிகலனின் வயிற்றில் புறங்கையை ஒட்டி வைத்துக்கொண்டு எர்வின் மாரெக் எண்ணுகிறார். "யெடன், த்வா, த்ரி..." பின்னால் கோப்பையோடு நிற்பவர்கள் பொறுமையாக நிற்கிறார்கள். நாலில் கை வெடுக்கென்று விலகினால் காபி குடிக்கத் தக்கது. அதையும் தாண்டி கை சுகமாக இருந்தால், "கழனித்தண்ணி" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அவர் நகர்ந்துவிடுவார். வரிசையில் பாதி அவரோடு நகரும்.

காரின் முன்மூடி, ஐஸ்பெட்டிக் கதவு, ஆகஸ்ட் வெயிலில் கோவில் வாசலின் இரும்புப் பிடி, ஒருமுறை ஜுரமென்று பூசையைச் சுருக்கப் பார்த்த ஃபாதரின் நெற்றி, எல்லாம் அந்தப் புறங்கையின் பரிசோதனைக்கு உட்பட்டவை. (ஃபாதருக்கு ஜுரம் இல்லை. பூசை முழுசாக நடந்தது.) எங்கள் ஊரான லிபினாவில் எல்லோரையும் போலவே எர்வினின் முன்னோரும் செக் மொழி பேசிக்கொண்டு டெக்சஸில் வந்து இறங்கியவர்கள். அந்த மொழியில் அவருக்கு மிச்சமிருப்பது இருபது வரை எண்களும் கொஞ்சம் வசவுகளும். எண்கள் தாராளமாகப் போதும். எந்த அடுப்பும் அவரை ஆறு தாண்ட விட்டதில்லை. வசவுகளுக்குத்தான் எப்போதும் தட்டுப்பாடு.

எங்கள் கோவிலின் பங்கு விருந்து கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடக்கும். ஹூஸ்டனிலிருந்தெல்லாம் ஜனம் வரும். வருகிறவர்கள் பக்தியால் வருகிறார்கள் என்று ஃபாதர் பிரசங்கத்தில் சொல்வார், மாட்டு நெஞ்சுக்கறிக்காக வருகிறார்கள் என்பது அவருக்கும் தெரியும். அந்தக் கறி சனிக்கிழமை பொழுது சாயும்போது ஏறினால் ஞாயிறு காலைப் பூசை முடியும்போதுதான் இறங்கும். கூடத்துக்குப் பின்னால் தகரக்கொட்டகை. அதன் அடியில், பழைய கேஸ் டாங்கியை நீளவாக்கில் அறுத்துச் செய்த புகையடுப்பு. பக்கத்தில் நாடா பின்னிய ஒரு அலுமினிய நாற்காலி. எனக்கு விவரம் தெரிந்த நாளாக அந்த நாற்காலியில் சனிக்கிழமை இரவு எர்வினைத் தவிர யாரும் உட்கார்ந்ததில்லை. பிஷப் ஒருமுறை உட்காரப் போனார். தடுத்துவிட்டோம்.

இரவெல்லாம் ஓக் விறகை ஒவ்வொன்றாக ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டிய அடுப்பு அது. அசந்தால் அணையும், அவசரப்பட்டால் கருக்கும். துணைக்கு மூன்று பேர் வருவார்கள். அவர்களுக்கு எர்வின் ஒதுக்கிய கடமைகள்: பியர் கொண்டுவருவது, தாரோக்கிச் சீட்டில் தோற்பது, நெருப்பைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பது. "நெருப்பப் பாத்து நான் தும்முனாக்கூட எர்வின் மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவான்" என்பார் பென்னி குபேனா. பென்னிதான் சீட்டில் அவருடைய நிரந்தரக் கூட்டாளி.

டேரல் சிமெக் என்று ஒரு இன்ஷூரன்ஸ் ஏஜெண்டும் அந்த மூவரில் ஒருவன். எர்வின் கழிவறைக்குப் போன ஒரு சந்தர்ப்பத்தில், ஏதோ உதவியாக இருக்கட்டும் என்று ஒரு கட்டையை எடுத்து நெருப்பில் போட்டுவிட்டான். திரும்பி வந்த எர்வின் இடுக்கியால் அந்தக் கட்டையை வெளியே எடுத்தார், வாளித் தண்ணீரில் முக்கினார், சொட்டச் சொட்ட டேரலின் மடியில் வைத்தார். "வீட்டுக்கு எடுத்துட்டுப் போ. இன்ஷூர் பண்ணி வச்சுக்கோ." மறுநாள் கேள்விப்பட்டு எல்லோரும் சிரித்தோம். டேரலும் சிரித்தான். அவன் கட்டையை நிஜமாகவே வீட்டுக்கு எடுத்துப் போனான் என்பதை அப்போது நாங்கள் கவனிக்கவில்லை.

இரண்டு கோடைகளுக்கு முன் எர்வினுக்கு இதயத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை தூக்கம் தரும் என்று டாக்டர் சொன்னதை அவர் லிடியாவிடம் சொல்லவில்லை. லிடியா அவருடைய மனைவி, சொல்லியிருந்தால் நாற்காலியைப் பூட்டி வைத்திருப்பாள். விருந்துக்கு முந்திய இரவு நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். மற்ற மூவரும் அவருக்கு முன்பே தூங்கியிருந்தார்கள். விழித்திருப்பது எர்வினின் வேலை என்பதில் அவர்களுக்கு அவ்வளவு நம்பிக்கை. விடிந்தபோது அடுப்பில் சாம்பல், கம்பிமேல் ஈர பூட்ஸ் மாதிரி கறி. அன்று ஹூஸ்டன்காரர்கள் தொத்திறைச்சி தின்றுவிட்டுத் திரும்பினார்கள்.

யாரும் அவரைத் திட்டவில்லை. அதுதான் மோசம். லிபினாவில் ஒருவனைத் திட்டினால் அவன் இன்னும் நம் ஆள். முதுகைத் தட்டி, "பரவால்ல எர்வின், யாருக்கும் நடக்குறதுதான்" என்று சொல்லிவிட்டால் அவன் கணக்கு முடிந்தது. அன்று அவர் முதுகு பூரா தட்டு வாங்கியது. வெளியிலிருந்து சமையல் ஆட்களை அமர்த்தலாமா என்று விருந்துக் குழுவில் பேச்சு வந்தபோது, எர்வின் எழுந்து ஒரே ஒரு கோடை அவகாசம் கேட்டார். தூங்கினாலும் அணையாத அடுப்போடு வருகிறேன் என்றார்.

அதன்பின் அவர் மேற்கொண்ட ஆராய்ச்சியை ஒரு பல்கலைக்கழகம் கேட்டிருந்தால் பட்டம் கொடுத்திருக்கும். கரண்ட் அடுப்பைத் திறந்து பார்த்தார்: "தலை காயவைக்கிற மெஷினு." மரத்தூள் குச்சிகளைத் தானே விழுங்கிக்கொள்ளும் அடுப்பைப் பார்த்தார்: "கோழிப்பண்ணையில தீவனம் போடுற சமாச்சாரம். புகை வருதான்னு கேட்டா, வரும்னு நம்பணுமாம்." முட்டை வடிவப் பீங்கான் அடுப்புக்குக் கொஞ்சம் மனம் இளகினார், நாள் பூரா சூடு நிற்கிறதே என்று. ஆனால் அதில் நாலு துண்டுக்குமேல் போகாது. "பூந்தொட்டி. கன்னியாஸ்திரி மடத்துக்குச் சரி."

கடைசியில் தானே கட்டுவது என்று முடிவாயிற்று. பள்ளிக்கூடத்துச் சமையலறை கழித்துப்போட்ட இரட்டைக்கதவு ஐஸ்பெட்டியைப் பிக்கப்பில் ஏற்றி வந்தார். தட்டு செருகும் இடங்கள் அதிலேயே இருந்தன. பக்கத்தில் நெட்டையாக ஒரு இரும்புக் கூண்டு. அதில் கரியை மேல்வரை கொட்டிவிட்டால் அடியில் எரிய எரிய மேலிருப்பது தன் கனத்தில் தானே இறங்கும். இடையிடையே ஓக் துண்டுகள், மணத்துக்கு. உள்ளே சூடு குறைந்தால் ஒரு சின்ன விசிறி ஊதும், கூடினால் நிற்கும். கறி காயாமலிருக்க உள்ளே ஒரு தண்ணீர்த் தட்டு. அதை யார் நிரப்புவது? கழிவறைத் தொட்டியின் மிதவையைக் கழற்றி வந்து வெளியே ஒரு வாளியில் மாட்டினார்; தட்டில் தண்ணீர் குறையக் குறைய அது திறந்துவிடும். லிடியா கொஞ்ச நாள் கழிவறையில் வாளியால் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"சமையலுக்குக் கக்கூஸ் சாமான். ஊருல யாருகிட்டயும் சொல்லிடாத" என்றாள்.

"சொன்னா என்ன? கறிக்குத் தெரியவா போகுது?"

முதல் வெள்ளோட்டம் கோழியில் நடந்தது. ஐஸ்பெட்டிச் சுவருக்குள் இருந்த பஞ்சுநுரையை எடுக்க வேண்டும் என்று எர்வினுக்குத் தோன்றவில்லை. குளிரைக் காத்தது சூட்டையும் காக்காதா என்று ஒரு தத்துவம் வைத்திருந்தார். அது உருகி உள்ளே ஒழுகியது. கோழி புதுச் செருப்புக் கடை வாசத்தில் இறங்கியது. நாய் ஒருமுறை மோந்துவிட்டு அவரைப் பார்த்த பார்வையை லிடியா இன்றும் நடித்துக் காட்டுவாள். பிறகு சுவரைப் பிரித்து, நுரையைச் சுரண்டி, சூடு தாங்கும் பாறைக்கம்பளியைத் திணித்தார். ஒரு பங்கு போதுமென்ற இடத்தில் மூன்று பங்கு. உள்ளே நரகம் எரிந்தாலும் வெளியே ஒரு மூச்சுச் சூடு கசியக் கூடாது என்பது வைராக்கியம். கசிகிற சூடு கரியைத் தின்னும், கரி தீர்ந்தால் ஆள் எழ வேண்டும், ஆள் எழுந்தால் அடுப்பு தோற்றது.

எல்லாம் முடிந்ததும் கதவில் சிவப்பு எழுத்தில் எழுதினார்: கரியைக் கொட்டு, கறியை வை, கதவைச் சாத்து. அதன் கீழே இன்னும் பெரிதாக: குரங்குகூட ஓட்டலாம். வெளியாட்களை அமர்த்தும் பேச்சு மறுபடி எழக்கூடாது என்று அடுப்பைக் கோவிலுக்கே தானமாகக் கொடுத்தார். ஃபாதரை வரவழைத்துத் தீர்த்தம் தெளிக்கச் சொன்னார். மந்திரித்த பொருளை எவனும் தூக்கி எறிய முடியாதல்லவா? திருப்பிக் கேட்கவும் முடியாது. அந்தப் பாதியை அவர் யோசிக்கவில்லை.

போன கோடையில் அடுப்பு அரங்கேறியது. எர்வின் நாற்காலியை விரித்தார், சீட்டைக் கலைத்தார். விசிறி தானே ஊதியது, தானே நின்றது. முதல் ஆட்டம் முடிந்ததும் பென்னி கொட்டாவி விட்டார்.

"எர்வின், இது பாட்டுக்கு வேகும்ல?"

"வேகும்."

"நாம பாத்தாலும் வேகும், பாக்காட்டியும் வேகும்?"

"அதான்யா இதோட விசேஷமே."

"அப்ப நாம இங்க எதுக்கு இருக்கோம்?"

எர்வின் பெருமையாகத் தலையை மட்டும் ஆட்டினார். இருட்டு நன்றாகக் கவிவதற்குள் கொட்டகை காலியாகிவிட்டது. மறுநாள் பென்னி ஊர் பூரா சொன்னார்: "இத்தனை வருஷமா சனிக்கிழமை என் கட்டில் இவ்வளவு மெத்துன்னு இருந்திருக்கு, எனக்குத் தெரியாமப் போச்சே." எர்வினும் வீட்டுக்குப் போய்ப் படுத்தார், போனில் அடுப்பின் சூடு எண்ணாகத் தெரியும். அதையே பார்த்துக்கொண்டு விடியும்வரை விழித்துக் கிடந்தார். இதில் மனம் நொந்தது லிடியாதான். "வருஷத்துல ஒரு ராத்திரிதான் அந்தக் கட்டில் முழுசா எனக்கு. சோளப்பொரி தின்னுக்கிட்டே டிவி பாப்பேன். இந்த மனுஷன் மெஷின் செஞ்சு அதையும் கெடுத்துட்டாரு."

கறி? அப்படி ஒரு கறியை லிபினா தின்றதில்லை. வெண்ணெய்போல் அறுபட்டது. ஹூஸ்டன்காரர்கள் இரண்டாம் முறை வரிசையில் நின்றார்கள். எர்வினின் முதுகை அன்று யாரும் தட்டவில்லை. அவர் அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டார்.

இந்த வசந்தத்தில் விருந்துக் குழு கூடியது. தலைவர் நாற்காலியில் டேரல் சிமெக்.

"எர்வின், ஊருக்காக எத்தனை வருஷம் கண்ணு முழிச்சிருக்க. போதும்யா. இந்த வருஷம் நீ ஞாயித்துக்கிழமை வந்து சாப்பிடு, அது போதும்."

"அப்ப அடுப்ப யாரு பாத்துக்குவா?"

"நான்தான்."

"நெருப்பப் பத்தி உனக்கு என்னடா தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. தெரியவே வேண்டாம்னு நீதான கதவுல எழுதி வச்சிருக்க? குரங்குகூட ஓட்டலாம்னு." டேரல் தன் நெஞ்சில் விரலை வைத்தான். "அந்தக் குரங்கு நான்தான்னு வச்சுக்கோயேன்."

கூடம் அதிரச் சிரித்தது. பென்னியும் சிரித்தார், பிறகு தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டார். சம்மதிக்கிறவர்களைக் கை தூக்கச் சொன்னபோது அவர் கை, காதைச் சொறிகிற உயரம்வரை போயிற்று. குறிப்பு எழுதுகிறவர் அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார். எர்வினுக்குக் கைதட்டல் கிடைத்தது. 'ஓய்வுபெற்ற தலைமைச் சமையலர்' என்று பூவேலை செய்த ஒரு தொப்பியும் கிடைத்தது. தொப்பி இப்போது அவர் வீட்டு வேலிக் கம்பத்தின் தலையில் கவிழ்ந்திருக்கிறது. கம்பத்துக்குள் மழைத்தண்ணீர் இறங்குவதில்லை.

போன ஞாயிறு விருந்து. எர்வின் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, காகிதத் தட்டோடு எல்லோரையும்போல வரிசையில் நின்றார். முன்னால் ஒரு ஹூஸ்டன் குடும்பம். கொட்டகைக்குள் டேரல், முழங்கால்வரை தொங்கும் ஏப்ரனோடு, கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் சுவரில், ஒரு புறம் கருகி மறுபுறம் வெளுத்த ஒரு ஓக் கட்டை ஆணியடித்து மாட்டியிருந்தது. அலுமினிய நாற்காலியில் அவனுடைய கோட்டு.

எர்வினின் முறை வந்தது. டேரல் நிமிர்ந்து பார்த்தான். வெளியூர்க்காரர்களிடம் மட்டும் கேட்கிற அந்தக் கேள்வியைக் கேட்டான்.

"கொழுப்போடயா, கொழுப்பில்லாமயா?"

"எப்படியாவது போடு."

இரண்டு துண்டு விழுந்தது. உருளைக்கிழங்கு, வெங்காயம், ஊறுகாய்வெள்ளரி. பின்னால் நின்றவர்கள் ஒரு அடி முன்னால் நகர்ந்தார்கள். எர்வின் மேசைப்பக்கம் போகவில்லை. தட்டை இடக்கையில் ஏந்தியபடி கொட்டகையைச் சுற்றிக்கொண்டு அடுப்பின் அருகே வந்தார். உள்ளே இன்னும் பாதிக் கறி சூட்டில் இருந்தது. விசிறி மெல்ல ஊதிக்கொண்டிருந்தது. வலது புறங்கையைச் சிவப்பு எழுத்துகளுக்கு நடுவே ஒட்டி வைத்தார்.

"யெடன், த்வா, த்ரி..."

இரும்பு கோவில் சுவரைப்போலக் குளிர்ந்திருந்தது. நாலு போயிற்று, ஆறு போயிற்று. மறுபுறம் டேரல் அடுத்தவரிடம், கொழுப்போடயா என்று கேட்டுக்கொண்டிருந்தான். எர்வினின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. தட்டு சரிந்து கறிச்சாறு சலவைச் சட்டையில் சொட்டியது. இருபதுக்கு அப்பால் அவருக்கு எண்கள் தெரியாது. உதடு நின்றது. கையை அவர் எடுக்கவில்லை.