பத்தடி முன்னால்

ஃபெஸ் நகரத்துப் பழைய மதிலுக்குள் அல்லாலைத் தெரியாத கடைக்காரர் கிடையாது. முப்பது வருஷமாக வெளிநாட்டுக்காரர்களுக்கு அந்தச் சந்துபொந்துகளைக் காட்டியே வயிறு கழுவியவர். லைசென்ஸ் மட்டும் கிடையாது. லைசென்ஸ் இல்லாதவன் வெளிநாட்டுக்காரனோடு சேர்ந்து நடந்தால் போலீஸ் அள்ளிக்கொண்டு போகும். அதனால் பத்தடி முன்னால், சம்பந்தமே இல்லாதவர் மாதிரி நடப்பார். முதுகுக்குப் பின்னால் கட்டிய கையில் ஒரு விரல் நீண்டால் இடப்பக்கம், இரண்டு நீண்டால் வலப்பக்கம். யாராவது மறித்துக் கேட்டால் பதில் தயாராக இருக்கும்: இவங்க யாருன்னே எனக்குத் தெரியாதுங்க. நாலு தடவை உள்ளே போய் வந்தும் அவர் அந்தப் பதிலை மாற்றவில்லை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார் என்று கடைவீதியில் கேலி பேசுவார்கள்.

அண்ணன் தாமி பத்தொன்பது வயதில் பிரஸ்ஸல்ஸ் போனவர். போனவர் போனவர்தான், அம்மாவை அடக்கம் பண்ணக்கூட வரவில்லை. தம்பி செய்கிற தொழிலை வெளியில் சொல்ல அவருக்குக் கூச்சம். போன ஏப்ரலில்தான் பிள்ளைகளோடு வந்து புது நகரத்து ஓட்டலில் இறங்கினார். பதினொரு வயது இனாஸ், ஏழு வயது ரயான். அல்லால் பிள்ளைகுட்டி இல்லாத மனுஷன். ஒரே ஒரு மத்தியானம் பிள்ளைகளைத் தன்னோடு அனுப்பச் சொல்லிக் கேட்டார். அவர்கள் அப்பா பிறந்த வீட்டுக் கதவை அவர்கள் கையால் தட்ட வேண்டும், தன்னைச் சித்தப்பா என்று வாய்நிறையக் கூப்பிட வேண்டும். வேறென்ன பெரிதாகக் கேட்டுவிட்டார்?

"அங்க காட்ட என்னடா இருக்கு, கழுதை விட்டையைத் தவிர?" என்றார் தாமி. ஆனாலும் அனுப்பினார்.

பழைய மதிலின் பூஜ்லூத் வாசலில் நுழைந்ததுமே இனாஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அல்லாலுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. வண்டிக்கடையில் நத்தைச் சாறு வாங்கிக் கொடுத்தார். ரயான் மூக்கைப் பொத்திக்கொண்டே ஏழு நத்தைகளை ஊசியால் குத்தியெடுத்துத் தின்றான். தாமி சின்ன வயதில் விழுந்து பல்லை உடைத்துக்கொண்ட குழாயடியைக் காட்டினார்.

"அப்பா அழுதாரா சித்தப்பா?" இனாஸுக்கு வீட்டில் பேசிப் பேசி அரபி நன்றாகவே வரும்.

"தெருவே கூடுற மாதிரி அழுதாரும்மா."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அதோடு அந்தப் பகல் முடிந்திருக்கக் கூடாதா!

சந்து குறுகிய இடத்தில் தோல் மூட்டைகளோடு ஒரு கழுதை வந்தது. ஒதுங்கும்போது அல்லால் அவள் கையை விட்டார். விட்ட கை தானாக முதுகுக்குப் பின்னால் போனது, கால் தானாகப் பத்தடி முன்னால் போனது. பாழாய்ப்போன முப்பது வருஷப் பழக்கம். பிள்ளைகள் வெளிநாட்டுத் தொப்பியும் முதுகுப்பையுமாகப் பின்னால் வந்தார்கள். விரல் நீட்டியபடியே இரண்டு திருப்பம் தாண்டினார். செம்புப் பாத்திரம் தட்டுகிறவர்களின் முற்றத்தில் சாதா உடையில் நின்ற போலீஸ்காரர் அவர் தோளில் கை வைத்தார். இந்தப் பிள்ளைகள் உன்னோடு வந்தவர்களா என்று கேட்டார்.

"இவங்க யாருன்னே எனக்குத் தெரியாதுங்க."

சொல்லி முடித்த பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. பதறிப்போய்த் திரும்பினார். ஐயா, என் அண்ணன் பிள்ளைகள், வீடு இதோ அடுத்த சந்துதான் என்று கெஞ்சினார். போலீஸ்காரர் சிரித்தார். பிடிபட்டவனுக்கெல்லாம் திடீரென்று ஓர் அண்ணன் முளைப்பதை அவர் எத்தனை தடவை பார்த்திருப்பார்! குனிந்து இனாஸிடம், இவர் உனக்கு யாரம்மா என்று கேட்டார்.

அவள் அல்லாலையே பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

"எங்களுக்கும் இவரைத் தெரியாது."

தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு அப்பாவின் நம்பரைச் சொன்னாள்.

தாமி ஸ்டேஷனுக்கு வந்து கையெழுத்துப் போட்டுத் தம்பியை வெளியே எடுத்துவிட்டார். மறுநாள் காலை விமானத்தில் எல்லோரும் கிளம்பிப் போனார்கள். அந்த வீட்டுக் கதவைப் பிள்ளைகள் தட்டவே இல்லை.

பெருநாள் அன்று அல்லால் வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டார். ஃபோனை எடுத்தது இனாஸ்.

"சித்தப்பா பேசறேம்மா," என்றார்.

அந்தப் பக்கம் அவள் திரும்பிக் கூப்பிடுவது கேட்டது.

"அப்பா, உங்க தம்பி," என்று ஃபோனைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.