சண்டை இல்லாத மூன்றாம் பாகம்

“…கை வெளங்காதவன வெச்சி எதுக்கு மச்சான் மூணாவது பார்ட்டு எடுத்தான், இன்னும் எம்மா நேரம் குந்திகினு பேசிகினே இருப்பான்?” என்றார் பாவா, என் அக்காவின் கணவர். திருத்தணித் தியேட்டரில் பகல் காட்சி இடைவேளை. பப்ஸ் தின்றுகொண்டிருந்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவு சத்தம்.

அவர் எப்போதும் அப்படித்தான். “உங்க பாவா ரகசியம் பேசினா ஆர்.கே.பேட்ட பஸ் ஸ்டாண்டுல கேக்கும்” என்பாள் அக்கா. எங்கள் ஊர் அம்மையார்குப்பத்தில் பவர்லூம் ஓட்டுகிறவர்கள் எல்லாருக்கும் கொஞ்சம் அந்தத் தொண்டை உண்டு. அதனால் யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. நானும்தான்.

அன்றைக்கு மாதாந்திரக் கரண்ட் கட். தறி நின்றால் எங்களுக்கு சினிமா. தறிக் கொட்டகையே கிளம்பி வந்திருந்தது. எங்களுக்கு முன் வரிசையில் ஓனருடைய தம்பியும் இருந்தார். இந்தப் படத்தின் முதல் இரண்டு பாகங்களையும் பாவாவும் நானும் முதல் நாளே நகரிக்குப் போய்த் தெலுங்கில் பார்த்தவர்கள். இங்கே படம் போடுவதற்குள் அங்கே ஒரு காட்சி முடிந்துவிடும். கதாநாயகன் லாரி டிரைவர். பத்து நிமிஷத்துக்கு ஒரு சண்டை. அடிப்பதற்கு முன்னால் மூன்று தடவை ஹாரன் அடிப்பான், தியேட்டரும் கூடவே கத்தும். கதை என்று தனியாக ஒன்றும் கேட்க வேண்டியதில்லை.

மூன்றாவதில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள். அவனுடைய வலது கை விழுந்துவிட்டது. லாரியும் இல்லை, ஹாரனும் இல்லை. எதிரியின் வீட்டுக்கே போய் நாற்காலியில் உட்கார்ந்து, தணிந்த குரலில் பேசிப் பேசியே ஒருத்தனை இன்னொருத்தன் மேல் ஏவி விடுகிறான். உள்ளதைச் சொன்னால், மூன்றில் இதுதான் நல்ல படம். தியேட்டர் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டது, இடையிடையே வெடித்துச் சிரித்தது. பாவாவும் சிரித்தார். ஆனால் கொஞ்சம் பிந்திச் சிரித்தார். முதலில் என் முகத்தைப் பார்ப்பார், பிறகு சிரிப்பார். மூன்றாவது தடவை அப்படிப் பார்த்த பிறகு நான் திரையை விட்டுவிட்டு அவரையே கவனிக்க ஆரம்பித்தேன்.

கொட்டகையில் நாங்கள் யாரும் காதால் பேசுவதில்லை. தறி இரைச்சலில் வாயசைவும் கையும்தான் பேச்சு. கட்டைவிரல் உதட்டுக்குப் போனால் டீ. பக்கத்திலே பக்கத்திலே நின்று வருஷக்கணக்காகப் பேசியிருக்கிறோம், சிரித்திருக்கிறோம், சண்டை போட்டிருக்கிறோம். அதில் ஒரு நாள்கூட அவருக்குக் காது தேவைப்படவில்லை. ஆள் செவிடாகிக்கொண்டே போவதை, எதிரிலேயே நின்றுகொண்டு, நாங்கள் பார்க்காமல் விட்டோம்.

தறிக்குத்தான் காது வேண்டும். ஒருத்தர் ஆறு தறி பார்ப்பார். முதுகுக்குப் பின்னால் ஓடுகிற தறியில் இழை அறுந்தால் சத்தம் மாறும், அதைக் கேட்டுத்தான் திரும்பிப் போய் நிறுத்துவோம். கொஞ்ச நாளாக பாவாவின் சேலைகளில் பழுது விழுந்தது. “கண்ணு தெரிலயா நைனா?” என்று ஓனர் கேட்டார். மறுநாளே பாவா கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டு வந்தார். பழி கண் மேல் போனது. காது என்று தெரிந்தால் தறியைவிட்டு இறக்கிவிடுவார்கள். வேறு வேலை அவருக்குத் தெரியாது.

இடைவேளையில் டீயைப் பிடித்துக்கொண்டு, குரல் இல்லாமல், உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டேன்: “காது கேக்கலயா பாவா?”

சுற்றி அத்தனை கூச்சலிலும் உடனே புரிந்துகொண்டார். டம்ளருக்குள் பார்த்தார். பிறகு அவரும் குரல் இல்லாமல் சொன்னார்: “ரெண்டாவது பார்ட்லயே எனக்கு ஹாரன் மட்டுந்தான் கேட்டுச்சி.”

“அக்காவுக்கு?”

“தெரியாது. சொல்லிடாத.”

“மெஷின் வெச்சிக்கலாம். டாக்டராண்ட நான் கூட்டிகினு போறேன்.”

“அத்த வெச்சிகினு தறியாண்ட நின்னா மண்ட பொளந்துடும்டா. விசாரிச்சிட்டேன்” என்றார். கொஞ்சம் சிரிக்கவும் செய்தார். “இவன் சண்ட போட்டுகினு இருந்தா எனக்கு ஒண்ணும் ஆயிருக்காது.”

கூட்டம் உள்ளே நகர்ந்ததைப் பார்த்து அவரும் நகர்ந்தார்.

படம் தொடங்கியதும் நான் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். திரையில் அவன் பேசப் பேச, கொட்டகையில் பேசுகிற மாதிரி வாயசைத்து ஒவ்வொரு வசனமாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். வெளிச்சம் என் முகத்தில் விழுந்தது. பாவா திரையை விட்டுவிட்டு என் வாயையே பார்த்தார். அப்பன் மகனிடம் மன்னிப்புக் கேட்கிற ஒரு இடம். அதைச் சொல்லும்போது எனக்கு உதடு நடுங்கியது. அவர் இன்னும் கிட்டே வந்து பார்த்தார். இந்தப் படத்தில் அவருக்கு முதன்முதலாகப் புரிந்த காட்சி அதுதான்.

முன் வரிசையிலிருந்து ஓனருடைய தம்பி திரும்பினார். “இன்னா, மாமனும் மச்சானும் படம் பாக்காம மூஞ்ச மூஞ்ச பாத்துகினு இருக்கீங்க? வேணும்னா ரூம் போட்டுத் தரவா?”

நாலைந்து பேர் சிரித்தார்கள். அவர் சொன்னது பாவாவுக்குக் கேட்டிருக்காது. ஆனால் ஓனர் தம்பி திரும்பிப் பார்த்தது தெரிந்திருக்கும். பாவா என் தாடையைப் பிடித்து மெதுவாகத் திரைப் பக்கம் திருப்பிவிட்டு, தானும் நேராக நிமிர்ந்து உட்கார்ந்து, படம் முடிகிற வரைக்கும் என் பக்கம் பார்க்கவே இல்லை.