பெட்டியில் இல்லாத இரண்டு மீட்டர்

ஐக்கிய அரபு அமீரகத்தில், புஜைராவில் ஒரு கல் குவாரியில் நான் புவியியலாளராக இருந்தேன். நாங்கள் கப்பலேற்றிய அந்தக் கருங்கல், ஒரு காலத்தில் கடல்தரைக்குக் கீழே பாறைக்குழம்பாகக் கொதித்துக் கிடந்தது. குழம்பு ஆறும்போது முதலில் உறையும் கனமான பச்சைப் படிகங்கள் அடியில் தங்கும். மற்றவை அதன்மேல் படியும். துளைபோட்டு எடுத்த கல் உருளைகளை வரிசை மாறாமல் பெட்டியில் அடுக்கினால், ஆறிய கதையைக் கீழிருந்து மேலாகப் படிக்கலாம். எங்கள் துளையில் பாதிக்கு மேல் வந்த பிறகு, அடியில் இருக்க வேண்டிய பச்சை திடீரென்று மறுபடி தலைகாட்டியது. ஆறிக்கொண்டிருந்த குழம்புக்குள் புதுக்குழம்பு பாய்ந்திருக்கிறது. பச்சை திரும்ப வந்த அந்த இரண்டு மீட்டரை வெட்டக் கூடாது என்று பெட்டிமேல் எழுதிவிட்டு லீவில் ஊருக்குப் போனேன்.

திரும்பி வந்து பெட்டியைத் திறந்தால் அந்த இடம் காலி.

கல் அறுக்கும் ராமநாதபுரத்துக்காரர் தலைகுனிந்து நின்றார். "மேனேஜர் சார்தான் மேடம். விருந்தாளிங்களுக்குக் கொடுக்கணும், பச்சையா மின்னுற இடமாப் பாத்து அறுன்னாரு. மேடம் எழுதி வச்சிருக்காங்கன்னு சொன்னேன். படிக்கவா உன்ன வச்சிருக்கோம்னு கேட்டாரு."

அவர்மேல் கோபம் வரவில்லை. நேராக மேனேஜர் அறைக்குப் போனேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"கல்லுதானேம்மா? வெளியில மலையே நிக்குது."

மலை நிற்கிறது, எந்தப் படிகம் எதன்மேல் விழுந்தது என்ற வரிசை எங்கே நிற்கிறது? அன்று மதியமே ஓட்டலில் விருந்து. சைட் பூட்ஸோடு போய், மேசை மேசையாகக் கல்லைத் திருப்பிக் கேட்டேன். பலர் சிரித்தார்கள். வயதான அரபு வியாபாரி ஒருவர் மட்டும் இதில் என்ன இருக்கிறது என்று விசாரித்தார். சொன்னேன். தன் கல்லைக் கொடுத்ததோடு, பக்கத்தில் இருந்தவர்களிடமும் வாங்கித் தந்தார். ஐந்து துண்டு கிடைத்தது.

ஐந்திலும் மேல்பக்கத்தைக் காட்ட நான் போட்ட அம்புக்குறி பாலிஷில் அழிந்திருந்தது. அறுத்தவரும் நானும் இரண்டு நாள் உட்கார்ந்து, கோடுகளை ஒட்டிப் பார்த்து, மூன்றைத்தான் பொருத்த முடிந்தது. மற்ற இரண்டும் தலைகீழா நேரா என்று இன்றுவரை தெரியாது.

எனக்குக் கிடைத்தது எச்சரிக்கைக் கடிதம்: விருந்தினரை அவமதித்தேனாம். காலியான இடத்தில் மரக்கட்டை வைத்து, 'மேனேஜர் உத்தரவில் வெட்டியது' என்று அழியாத மையில் எழுதினேன். அதை அழிக்கச் சொல்லி இரண்டாவது கடிதம் வந்தது. நான் அழிக்கவில்லை.