நியூஸ் மோட்: அசையாததை மங்கச் செய்த கதை

1. ஏஜிங் ரூம்

ஒரகடம் தொழிற்சாலையில் முதல் நாள் எனக்குக் கொடுத்த வேலை, நாற்பது டிவிகளில் ஒரே செய்தியைச் சத்தமில்லாமல் பார்ப்பது. இயற்பியலில் முதுகலைப் பட்டம் வாங்கியவனுக்கு இது குறைவு என்று நினைத்தேன். பதினெட்டு வருடம் கழித்தும் அதையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இப்போது குறைவு என்று நினைப்பதில்லை. டிவிகள்தான் அறுபதாகிவிட்டன.

ஏஜிங் ரூம் என்பது புது டிவிக்கு வயது ஏற்றும் அறை. லைனில் இருந்து இறங்கிய செட்டுகளை ரேக்கில் அடுக்கி, மணிக்கணக்காக ஓடவிட்டு, பின்னால் கெட்டுப்போகப் போவது இங்கேயே கெட்டுப்போகட்டும் என்று காத்திருப்போம். உள்ளே எப்போதும் சித்திரை வெயில். அங்கே வயது ஏறியது டிவிக்கு மட்டும் என்று சொல்ல முடியாது. நான் உள்ளே போனபோது தலையில் முடி இருந்தது.

ஏன் செய்தி சேனல் என்று கேட்பீர்கள். ஒரு பேனலுக்கு, அதாவது டிவித் திரைக்கு, அதைவிடக் கொடுமையான சோதனை கிடையாது. சினிமாவில் எல்லாம் நகரும். செய்தியில் மூலையில் லோகோ, கீழே பட்டை, அதற்கும் கீழே இன்னொரு பட்டை. வாசிப்பவர் மாறுவார், மந்திரி மாறுவார், பட்டை நின்ற இடத்திலேயே நிற்கும். அப்படி நின்றால் பேனலில் தழும்பு விழும். சமையல் நிகழ்ச்சிக்கு மாற்றினாலும் சாம்பார் மேல் செய்தி லோகோ மங்கலாகத் தெரியும். கையேட்டில் இதற்கு நீளமான பெயர் இருக்கிறது. லைனில் இதன் பெயர் பேய்.

"சார், அம்பத்தஞ்சு இன்ச்ல ஒரு பேய் வந்துகீது, வந்து பாரு" என்று கூப்பிடுவார்கள். நான் போய்ப் பார்த்து, சீட்டில் ‘பேய்: உண்டு’ என்று எழுதி, கீழே ‘தேறவில்லை’ என்று கையெழுத்துப் போடுவேன். என் வாழ்நாள் இலக்கியப் பணி இந்த ஒரு வாக்கியம்தான்.

2. கண்டுபிடிப்பு

மூன்று வருடத்துக்கு முன் எங்கள் ஆராய்ச்சிப் பிரிவின் தலைவராக சுடலைமுத்து சார் வந்தார். திருநெல்வேலிக்காரர். வந்த முதல் வாரமே என்னைக் கூப்பிட்டார்.

"என்ன வே, பதினஞ்சு வருசமா பேய் பிடிக்கீராமே. பேய ஓட்டுததுக்கு ஒரு வழி சொல்லும். இல்லைன்னா உங்க டீம் மொத்தமும் பேக்கிங்குக்குப் போவுது. தெர்மாகோல் ஒட்டலாம்."

ஆபத்து வந்தால் மனிதனுக்கு மூளை வேலை செய்யும் என்பார்கள். எனக்கு வேலை செய்யவில்லை. வரதனுக்கு வேலை செய்தது. வரதன் எங்கள் சாஃப்ட்வேர் ஆள். ஸ்ரீபெரும்புதூரில் கோயில் கைங்கரியக் குடும்பம். காலையில் கோயில் மடைப்பள்ளியில் தளிகைப் பாத்திரம் தூக்கிவிட்டு, நெற்றியில் திருமண் காய்வதற்குள் ஷிஃப்டுக்கு வந்துவிடுவான்.

"சிம்பிள் சார். திரைல எது ரொம்ப நேரம் அசையாம நிக்கறதோ, அத டிவியே கண்டுபிடிச்சு கொஞ்சம் கொஞ்சமா மங்கப் பண்ணிப் பின்னாடி படத்தோட கலந்துடட்டும். பேயே வராது. செய்தி சேனல்னு தெரிஞ்சதும் தானா ஆன் ஆயிடும். நியூஸ் மோட்னு பேர் வெச்சுக்கலாம்."

யோசனை அவனுடையது. பெயரும் அவனுடையது. காப்புரிமை விண்ணப்பத்தில் முதல் பெயர் என்னுடையது. எங்கள் துறையில் ஆராய்ச்சி நடக்கும் முறை இது.

சோதனைக்கு ஒரு மணி நேரச் செய்தியைப் பதிவு செய்து, அதையே திரும்பத் திரும்ப ஓட்டினோம். பதிவு செய்த நாள் நாட்டில் ஒன்றும் நடக்காத நாள். ஒரு பாலம் திறந்தார்கள், ஒரு நடிகைக்குக் கல்யாணம். கீழே பட்டையில் எழுத்து நகர்ந்துகொண்டே இருந்தது, எங்கள் மோட் அதைத் தொடவில்லை. லோகோ மட்டும் மங்கியது. முந்நூறு மணி நேரம் அந்த நடிகைக்குக் கல்யாணம் நடந்தது. ஒரு பேய்கூட வரவில்லை.

"நல்லா இருக்கே" என்றார் சுடலைமுத்து சார். "முப்பது வீட்டுல குடுத்துப் பாரும். தேறிச்சுன்னா பொங்கலுக்கு லாஞ்ச்."

3. முப்பது வீடு

ஃபீல்ட் டிரையலுக்கு வீடு தேடி நாங்கள் வெகுதூரம் அலையவில்லை. எங்கள் ஊழியர்களிலேயே முப்பது பேருக்கு ஆளுக்கு ஒரு டிவி கொடுத்தோம். பிள்ளைப்பாக்கம், தண்டலம், செம்பரம்பாக்கம் என்று சுற்றுவட்டாரம் முழுக்கப் போயிற்று. இரண்டு வாரம் கழித்துப் படிவம் வந்தது. இருபத்தொன்பது படிவத்தில் ‘நன்று’. ஓசியில் வந்த ஐம்பத்தைந்து இன்ச்சைக் குறை சொல்ல யாருக்கு மனம் வரும்?

ஒரு படிவத்தில் மட்டும் இப்படி எழுதியிருந்தது: ‘கீழ எழுத்து நின்னா மங்கிப்போவுது. படிக்க முடியல.’ எழுதியவர் ஸ்டெல்லா. லைனில் விஷுவல் இன்ஸ்பெக்டர். என்னைவிட நல்ல கண். நான் பூதக்கண்ணாடி வைத்துத் தேடும் புள்ளியை நடந்துபோகும்போதே காட்டுவார். கேன்டீனில் பிடித்தேன்.

"இன்னாம்மா, எல்லாரும் நல்லா இருக்குன்னு எழுதிட்டாங்க, நீ மட்டும் ஏன் இப்படி?"

"நல்லா இல்லாதத நல்லா கீதுன்னு எழுதுறதுக்கா சார் எனக்குச் சம்பளம் தர்றீங்க?"

"சரி, எழுத்து மங்கினா என்ன? வாசிக்கிறாங்களே, சவுண்டு வெச்சுக் கேட்கலாமே."

ஸ்டெல்லா சிரித்தார். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த நான்கு பெண்களும் சிரித்தார்கள்.

"சவுண்டா? சார், எங்க வூட்ல டிவி சவுண்டு கேட்டு எவ்ளோ வருசம் ஆச்சு தெரியுமா? என் வூட்டுக்காரரு நைட் ஷிஃப்ட் முட்ச்சிட்டு வந்து படுத்துகினு கீறாரு. அவரு எழுந்தா நான் போறேன், நான் வந்தா அவரு போறாரு. எப்பவும் ஒருத்தர் தூங்கிகினே இருப்போம். கீழ வர்ற எழுத்துதான் சார் எங்களுக்கு நியூஸு. மேல பேசுறவங்க வாயச் சும்மா ஆட்டிகினு கெடப்பாங்க."

"எங்க வூட்லயும் அப்டித்தான் சார்" என்றார் பக்கத்துப் பெண்.

இதைக் கேட்ட ஒரு நல்ல ஆராய்ச்சியாளன் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு லேபுக்கு ஓடியிருப்பான். நான் ரசம் வாங்கிக்கொண்டேன். மேலே போய் அறிக்கையில் ‘30-ல் 29 திருப்தி, 1 தனிப்பட்ட பழக்கம் சார்ந்தது’ என்று எழுதினேன். பதினேழு வருடமாகச் சத்தமில்லாமல் செய்தி பார்த்து, கீழே ஓடும் எழுத்தைப் படித்தே நாட்டு நடப்பு தெரிந்துகொண்ட ஒருவன் எழுதிய வாக்கியம் அது.

4. சுத்தமான படம்

லாஞ்ச் அறிக்கையில் நான் கையெழுத்துப் போட வேண்டிய நாள் கார்த்திகையில் வந்தது. மூன்று நாளாக மழை. காலை பத்தரை மணிக்கு டெமோ அறையில் இரண்டு டிவிகளை வைத்தோம். இடது பக்கம் சாதாரண டிவி, வலது பக்கம் எங்கள் நியூஸ் மோட். இரண்டிலும் ஒரே சேனல், பதிவு அல்ல, நேரடி. விடியற்காலையில் இருந்து ஓடிக்கொண்டிருந்தது. மேஜை மேல் அறிக்கை, அதன் மேல் என் பேனா.

"பாத்தேளா சார்" என்றான் வரதன். "நம்மளோடது எவ்ளோ க்ளீனா இருக்கு."

இருந்தது. வலது பக்க டிவியில் மழைக்கோட்டு போட்ட நிருபர், அவருக்குப் பின்னால் ஏரி. துடைத்துவிட்டது போல் படம். இடது பக்க டிவியில் அதே நிருபர், அதே ஏரி, கீழே திரையின் கால்வாசிக்குச் சிவப்புப் பட்டை. அதில் அசையாமல் நின்ற எழுத்து: செம்பரம்பாக்கம் ஏரியில் உபரிநீர் திறப்பு அதிகரிப்பு. கரையோரம் வசிப்பவர்கள் உடனே பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும்.

"இது எவ்வளவு நேரமா நிக்குது?" என்றேன்.

"ஏழு மணிலேர்ந்து சார். நம்மளோடது இருபதே நிமிஷத்துல மங்கப் பண்ணிடுத்து" என்றான். சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவனுக்கே கேட்டது.

எங்கள் நடிகையின் கல்யாண நாளில் பட்டை நகர்ந்துகொண்டே இருந்தது. முக்கியமான செய்தி வந்தால் பட்டை நின்றுவிடும் என்பது எங்களுக்குத் தோன்றவில்லை. செய்தி எவ்வளவு முக்கியமோ அவ்வளவு நேரம் நிற்கும். எவ்வளவு நேரம் நிற்கிறதோ அவ்வளவு மங்கும். இதைச் செய்யத்தான் இரண்டு வருடம் உழைத்திருந்தோம்.

முப்பது வீட்டு முகவரிப் பட்டியலை எடுத்தேன். ஏரிக்குக் கீழே, உபரிநீர்க் கால்வாயை ஒட்டிய ஒரு லேஅவுட்டில் ஒரே ஒரு வீடு இருந்தது. ஸ்டெல்லா. அன்று அவருக்கு வார விடுப்பு. போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். யாராவது தூங்கும் வீட்டில் போன் எப்படி இருக்கும் என்று ரசம் வாங்கிய அன்றே நான் யோசித்திருக்கலாம்.

சுடலைமுத்து சார் உள்ளே வந்தார். "என்ன வே, போட்டாச்சா?"

"சார், ஒரு வீட்டுக்குப் போயிட்டு வரணும்."

"இந்த மழைலயா? ஒரு வீட்டுக்காவ லாஞ்ச்ச தள்ளணுங்கீரா?"

நான் இரண்டு டிவிகளையும் காட்டினேன். அவர் இடதைப் படித்தார். வலதைப் பார்த்தார். பிறகு சட்டைப் பையில் இருந்து தன் கார் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

5. உஷ்

குன்றத்தூர் சாலையில் தண்ணீர் ஓரத்தில் இருந்து நடுவுக்கு வந்துகொண்டிருந்தது. வழி முழுக்க வரதன் வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தான். பிரபந்தமா, எனக்கான வசவா, தெரியவில்லை. இரண்டுக்கும் நியாயம் இருந்தது.

லேஅவுட்டில் பாதி வீடு பூட்டிக்கிடந்தது. எல்லோரும் முதல் ஷிஃப்டில். ஸ்டெல்லா வீடு கடைசி. அதற்குப் பின்னால் இரண்டு காலி மனை, அதற்குப் பின்னால் கால்வாய். காலி மனை இரண்டிலும் தண்ணீர் பளபளத்தது. கதவைத் தட்டினேன். ஸ்டெல்லா திறந்தார். முதலில் விரலை உதட்டில் வைத்தார்.

"உஷ். அவரு இப்பதான் படுத்தாரு. இன்னா சார் வூட்டுக்கே வந்துட்டீங்க? ஃபாரத்துல எழுதுனதுக்கா?"

"ஏரி தொறந்துட்டாங்கம்மா. கெளம்பு. அவர எழுப்பு, பிள்ளைங்களக் கூட்டு."

அவர் திரும்பிச் சுவரைப் பார்த்தார். எங்கள் ஐம்பத்தைந்து இன்ச் அங்கே தொங்கியது. நிருபர் வாயை ஆட்டிக்கொண்டிருந்தார். கீழே ஒன்றும் இல்லை.

"டிவி விடிய விடிய ஓடிகினுதான் கீது, எட்டு மணிக்கு எய்ந்ததுலேர்ந்து நியூஸுதான் சார் பாத்துகினு கீறேன். இதுல ஒண்ணும் போடலியே" என்றார்.

அவர் நம்பியது என்னை அல்ல, டிவியை. நான் ரிமோட்டை எடுத்து நியூஸ் மோடை அணைத்தேன். சிவப்புப் பட்டை சுவர் அகலத்துக்கு எழுந்து நின்றது. ஸ்டெல்லா படித்தார். என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவருக்கு நேரம் இல்லை.

"யோவ்! எய்ந்திருய்யா!" என்று உள்ளே பார்த்து ஒரு சத்தம் போட்டார். அந்த வீட்டில் பல வருடமாகச் சேர்த்து வைத்திருந்த சத்தம் அத்தனையும் அதில் இருந்தது.

கணவர், இரண்டு பிள்ளைகள், சுவரில் இருந்த மாதா படம், ரேஷன் கார்டு, காஸ் சிலிண்டர். சிலிண்டரை வரதன் தூக்கினான். தளிகைப் பாத்திரம் தூக்கிய தோள். மேட்டுப் பள்ளிக்கூடத்தில் அவர்களை இறக்கிவிட்டு நாங்கள் திரும்பியபோது மணி ஒன்று. மூன்று மணிக்கு அந்த வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் என்று அவருடைய கணவர் போன் செய்தார். போனை அவர் சைலன்ட்டில் இருந்து எடுத்திருந்தார்.

6. தேறியது

அறிக்கையைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். ‘30-ல் 29 தேறவில்லை, 1 மட்டும் சரியாகச் சொன்னது.’ பொங்கல் லாஞ்ச் நின்றது. எங்கள் டீம் சொன்னபடியே பேக்கிங்குக்குப் போயிற்று. ஏழு மாதம் தெர்மாகோல் ஒட்டினேன். அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது, சொன்னால் நீங்கள் எழுந்துபோய்விடுவீர்கள். பிறகு ஏஜிங் ரூமுக்கு ஆள் போதவில்லை என்று திரும்பக் கூப்பிட்டார்கள்.

நான் திரும்பிய வாரம் டிரையல் செட்டுகள் சோதனைக்கு வந்தன. ஸ்டெல்லா வீட்டு டிவியும் வந்தது. சுவரில் உயரத்தில் தொங்கியதால் தண்ணீர் எட்டவில்லை. கரண்ட் வந்த நாளில் இருந்து மழைக்காலம் முடியும் வரை, நியூஸ் மோடை அணைத்துவிட்டு, அந்த ஒரே சேனலை இரவும் பகலும் ஓடவிட்டிருக்கிறார்கள். ரேக்கில் ஏற்றி வெள்ளைத் திரை போட்டேன். கீழே கால்வாசிக்கு ஒரு பட்டை மங்கலாகத் தெரிந்தது. உற்றுப் பார்த்தால் ‘உடனே’ என்று படிக்க முடிந்தது.

ஸ்டெல்லா கை கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். "பெரிய பேயி சார்."

இளைய ஆராய்ச்சியாளர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஒன்றும் நடக்காத நாளை வைத்துச் சோதிக்காதீர்கள். முப்பதில் ஒருவர் மாற்றிச் சொன்னால் ரசத்தை வைத்துவிட்டு எழுந்திருங்கள்.

சீட்டை எடுத்தேன். ‘பேய்: உண்டு’ என்று எழுதினேன். கீழே, பதினெட்டு வருடத்தில் முதல் முறையாக, ‘தேறியது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஸ்டெல்லா அதை வாங்கிப் படித்தார், தப்பு எதுவும் கண்டுபிடிக்காமல் திருப்பிக் கொடுத்தார்.