இடது தோளுக்கு ஒரு பை

எங்கள் கம்பெனியில் ஸ்டோர் பார்க்கும் ஸம்பத்குமார் ஒரு பை தேர்ந்தெடுக்க எடுத்துக்கொண்ட காலம் எட்டு மாதம். அதே எட்டு மாதத்தில் என் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்து, நிச்சயம் பண்ணி, கல்யாணத்தையே முடித்துவிட்டோம். இவர் பை விஷயம்தான் இழுத்துக்கொண்டே போனது.

நான் ஜெகன். ஊர் ஊத்துக்கோட்டை. கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலையொன்றில் எடைமேடை என் பொறுப்பு. லாரி ஏறி நின்றதும் எடையைச் சொல்லி அனுப்பிவிடுவேன். எனக்கு எல்லாமே அப்படிச் சட்டென்று முடிய வேண்டும். ஸம்பத்குமாருக்கு நாற்பத்தொரு வயது, திருவள்ளூர்க்காரர், வைணவக் குடும்பம். ஆலையில் எல்லாருக்கும் அவர் 'சாமி'. ஆலை வேலை போக அவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஊர்ப் பெருமாள் வீதியுலா வரும்போது தோளில் சுமக்கும் கூட்டத்தில் அவரும் ஒருவர். இருபத்திரண்டு வருஷமாக ஒரே இடம், ஒரே தோள். சுவாமியைத் தாங்கும் தண்டுக்கு இடப்பக்கம் நிற்பார், தண்டு அவருடைய வலது தோளில் உட்காரும். அந்தத் தோளில் ஒரு காய்ப்பு உண்டு. தொட்டால் செருப்புத் தோல் போல இருக்கும்.

அவரை ஓட்டத்துக்கு இழுத்துவந்தது நான்தான், அந்தப் பாவம் என்னுடையது. விடியற்காலையில் வீட்டிலிருந்து திருப்பாச்சூர் வரை ஓடித் திரும்புவார். "பெருமாள் ஊட்டு ஆளு, தெனமும் சிவன் கோயில் வாசல் வரைக்கும் போய்ட்டு உள்ள போவாம திரும்பிடுறீங்களே, இன்னா சாமி நாயம்?" என்று கேட்டால், "உள்ளே போனா நின்னுடுவேன்டா, நின்னா கால் பிடிச்சுக்கும்" என்பார்.

ஊத்துக்கோட்டையைத் தாண்டி ஆந்திரப் பக்கம் இருக்கிற மலையில் வருஷா வருஷம் மார்கழியில் ஓர் ஓட்டம் வைக்கிறார்கள். முப்பது கிலோமீட்டர், ஆறு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். காட்டுக்குள் கடை கண்ணி கிடையாது. ஒன்றரை லிட்டர் தண்ணீர், தின்ன ஏதாவது, விசில், டார்ச், மழைக்கோட்டு எல்லாம் அவரவர் முதுகில்தான் போக வேண்டும். அதனால் கால் எவ்வளவு முக்கியமோ பையும் அவ்வளவு முக்கியம். எடை இல்லாத பையாக இருக்க வேண்டும், ஓடும்போது குதிக்கக் கூடாது, உடம்பில் உரசக் கூடாது.

முதல் வருஷம் மகள் ஜானவியின் பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு வந்தார். அது முதுகில் டம் டம் என்று அடித்து, பாதியிலேயே அவரை உட்கார வைத்தது. அடுத்த வருஷம் ஆன்லைனில் மார்போடு ஒட்டுகிற பனியன் மாதிரிப் பை ஒன்று வாங்கினார். அதைப் பற்றி நூறு பேர் புகழ்ந்து எழுதியிருந்தார்கள், அந்த நூறு பேரையும் நான் இன்று வரை மன்னிக்கவில்லை. பையின் வலது பட்டை நேராகக் காய்ப்பின் மேல் உட்கார்ந்து, பதினாலு கிலோமீட்டர் தூரம் அறுத்துத் தள்ளியது. ஓட்டத்தில் தோற்றவர்களை ஏற்றிவரும் ஜீப்பில் சட்டையெல்லாம் ரத்தமாக வந்து இறங்கினார். ஜீப் டிரைவர் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அதோடு போயிருந்தால் சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். தை மாத உற்சவத்தில் கருட சேவை வந்தபோது புண் ஆறவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் முறையாக அவர் தண்டைத் தொடவில்லை. வேதாந்த் என்ற இருபத்துநாலு வயதுப் பையன் அவர் இடத்தில் நின்றான். அன்றைக்கு ஸம்பத்குமார் கூட்டத்தோடு கூட்டமாகக் கைகட்டி நடந்ததை நான் பார்த்தேன். வேலை போனவன் முகம்கூட அப்படி இருக்காது.

சுமப்பவர்களுக்குத் தலைவர் ஸ்ரீவத்ஸன். அறுபது வயது, சிரிப்பு என்பது கிடையாது. அவர் தீர்த்துச் சொல்லிவிட்டார்.

"நீ மலையிலே ஓடு, எங்கே வேணா ஓடு, நான் வேண்டாங்கலே. அடுத்த வருஷம் கருட சேவைக்கு மொத நா வந்து தோளைக் காட்டு. தோல் கிழிஞ்சிருந்தா இனிமே எப்பவும் வேதாந்த்தான்."

ஓடாமல் இருந்துவிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். "ரெண்டு தடவை ஜீப்பிலே வந்தாச்சு ஜெகா, மூணாவது தடவை கால்லே வந்துட்டு விட்டுடறேன்" என்றார். ஓட்டமும் வேண்டும், கருடனும் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நின்றது ஒரு பை.

அப்போது ஆரம்பித்தது அந்த எட்டு மாதம். எங்கள் லேபில் இருக்கும் ராபினிடம் ஐந்து ஓட்டப் பைகள் உண்டு, ஐந்தையும் கடன் வாங்கினோம். சாப்பாட்டு இடைவேளையில் ஒவ்வொன்றிலும் தண்ணீர் நிரப்பி, எடைமேடையிலிருந்து கேட் வரை ஓடிக் காட்டுவார். வாட்ச்மேன் முதலில் பயந்தார், பிறகு மார்க் போட ஆரம்பித்தார். எனக்குப் பார்க்க எல்லாப் பையும் நன்றாகத்தான் இருந்தது. அவர் மட்டும் ஓடி வந்து நின்று, தலையைச் சாய்த்துக் காது கொடுத்துக் கேட்பார்.

"அலுங்கறதுடா."

"இன்னா அலுங்குது? தண்ணி தான சாமி. சத்தம் வரத்தான் செய்யும்."

"பெருமாள் மேலே இருக்கறச்சே ஒரு மாலை அலுங்கினாக்கூட எங்களுக்குத் திட்டு விழும். எனக்கு இது ஆகாது."

சென்னைக்குப் போய்ப் பெரிய கடையிலும் பார்த்தோம். கடைப் பையன் இருநூறு கிராம் பையைக் காட்டினான், நூற்றைம்பது கிராம் பையைக் காட்டினான், கடைசியில் எங்களைக் கண்டதும் வேறு பக்கம் போய் நின்றுகொண்டான். எதைப் போட்டாலும் அரைமணி நேரத்தில் பை இடது பக்கம் சரிந்துவிடும். உடனே இவர் வலது பட்டையை இறுக்குவார், கனமான பாட்டிலை வலது பையில் வைப்பார். சுமை என்றால் வலது தோள் என்று அவர் உடம்புக்கே எழுதி வைத்திருந்தது. இறுக்க இறுக்கக் காய்ப்பு சிவக்கும். எனக்குப் பேஜாராகிவிட்டது.

என் அக்கா தமிழ்செல்வியைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். அதே தொழிற்பேட்டையில், ஒரு டன் சரக்கு பிடிக்கிற பெரிய வெள்ளைப் பைகள் தைக்கும் கம்பெனியில் பதினோரு வருஷமாகத் தைக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாமி எங்கள் வீட்டுக்கு வந்து, சென்னைக் கடையில் வாங்கிய ஆறாவது பையைப் போட்டுக்கொண்டு தெருவில் ஓடிக் காட்டினார். அக்கா வாசலில் கீரை ஆய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது சுற்றில் கையைத் தட்டி நிறுத்தினாள்.

"சாமி, சட்டையக் கழட்டிட்டு பனியனோட நில்லுங்க."

உள்ளே போய் டேப் எடுத்து வந்தாள். கழுத்திலிருந்து வலது தோள், கழுத்திலிருந்து இடது தோள் என்று அளந்தாள், பின்னால் போய் முதுகை அளந்தாள்.

"பையக் கொற சொல்லிக்கினு எட்டு மாசம் சுத்துனீங்களே. வலது தோளு ஒரு வெரக்கடை ஒசந்து கெடக்குது. ரெண்டு தோளும் ஒண்ணுன்னு நெனச்சித்தான் எல்லாப் பையும் தெக்கிறாங்க. உங்களுக்கு எது போட்டாலும் சரியத்தான் செய்யும்."

"இதுக்கு என்னம்மா பண்றது?"

"வலது பட்டையே வாணாம். ஒரு டன்னுக்குப் பை தெக்கிறவ நானு, ஒன்ற லிட்டர் தண்ணிக்குத் தெக்க மாட்டனா?"

போன வருஷத்து ரத்தக்கறைப் பையைக் கொண்டுவரச் சொன்னாள். ஒரே மூச்சில் வலது பட்டையை வெட்டி எறிந்தாள். இடது தோள் மேல் அகலமாக ஒரு பட்டை, அது மார்பின் குறுக்கே இறங்கி வலது இடுப்புக்குப் போயிற்று. பை குதிக்காமல் பிடித்துக்கொள்ள இடுப்பில் ஒரு வார். சுமை முழுக்க நடுமுதுகுக்குக் கீழே தட்டையாக ஒட்டிக்கொண்டது. எடை பார்க்கலாம் என்று மறுநாள் என் எடைமேடையில் வைத்தேன், சைபர் காட்டியது. அதற்குப் பத்து கிலோவுக்குக் கீழே எதுவும் கண்ணுக்குத் தெரியாது. காய்கறிக் கடைத் தராசுதான் நூற்றெண்பது கிராம் என்றது.

அதை மாட்டிக்கொண்டு சாமி கண்ணாடி முன் நின்றார். இடது தோள், வலது இடுப்பு. அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். "பூணூல் மாதிரியே கீதே சாமி! புதுசா பழகவே வாணாம்."

அவருக்கும் சிரிப்பு வந்தது. பிறகு இடது தோளைத் தடவிப் பார்த்தார். "இந்தத் தோள் பூணூலைத் தவிர வேற எதையும் சுமந்ததில்லேம்மா" என்றார்.

அது உண்மைதான். ஓட்டத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. அந்த இரண்டு மாதமும் அவர் இடது தோளைப் படிக்க வைத்தார். ஜானவியின் புத்தகப் பை, பத்து கிலோ அரிசி, கேஸ் சிலிண்டர், எது வந்தாலும் இடது தோளில் ஏறியது. திருப்பாச்சூருக்கு ஓடும்போதும் புதுப் பை. முதலில் சிவந்தது, பிறகு தோல் உரிந்தது, ஆறியது, மறுபடி உரிந்தது, மெல்லக் கெட்டிப்பட்டது. அவர் மனைவி அரவிந்தவல்லி மஞ்சள் பத்துப் போட்டுக்கொண்டே திட்டுவார்.

"ஒரு தோளைத்தான் மாட்டுத் தோளாப் பண்ணி வெச்சிருக்கேள். மிச்சம் இருக்கற ஒண்ணையும் ஏன்னா பாழாக்கறேள்?"

"இது பெருமாளுக்காக இல்லடி, எனக்காக" என்பார் அவர்.

ஓட்டத்தன்று காலையில் சாமான்களைச் சோதித்த பெண் அந்தப் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இந்த மாதிரி நான் பார்த்ததே இல்லையே, எந்த பிராண்ட் சார் என்று கேட்டாள். சாமி முகத்தை நேராக வைத்துக்கொண்டு, "ஊத்துக்கோட்டை" என்றார். அவள் அதைச் செல்போனில் தேடியிருப்பாள்.

முதல் பத்து கிலோமீட்டர் நான் அவருடன் ஓடினேன். என் முதுகில் இருந்தது ராபினின் விலை உயர்ந்த பை. பாறை இறக்கத்தில் அதிலிருந்து என் பாட்டில் துள்ளி விழுந்து பள்ளத்துக்குள் போய்விட்டது. சாமியின் முதுகில் ஒரு சொட்டுகூடச் சத்தமில்லை. காலை உயரத் தூக்காமல், அடி அடியாக, ஒரே தாளத்தில் இறங்கிக்கொண்டே போனார். மேலே சுவாமி இருப்பது போலவே இறங்கினார். இளவட்டங்கள் எல்லாம் தடுமாறி உட்கார்ந்த இடத்தில் அவர் அவர்களைத் தாண்டிப் போவதைப் பார்த்தேன். அதற்கப்புறம் அவரை நான் பார்க்கவில்லை. ஐந்து மணி நேரம் நாற்பத்தேழு நிமிடத்தில் முடித்துவிட்டார். நான் வந்தது ஜீப்பில்.

முடிவுக் கோட்டைத் தாண்டி வந்தவரின் கழுத்தில் மெடல் தொங்கியது. அரவிந்தவல்லி அதைப் பார்க்கவே இல்லை, சட்டைக் காலரை இழுத்து வலது தோளைத்தான் பார்த்தார். காய்ப்பு அப்படியே இருந்தது, ஒரு கீறல் இல்லை. பிறகுதான் அரவிந்தவல்லிக்கு அழுகை வந்தது.

கருட சேவைக்கு முதல் நாள் மாலை, தோளைக் காட்ட நானும் உடன் போனேன். ஸ்ரீவத்ஸன் வலது தோளைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். தலையசைத்தார். அப்புறம் அவர் பார்வை இடது தோளுக்குப் போனது.

"இது என்னடா, புதுசா?"

சாமி என்னைப் பார்த்தார். பை கதையை நான்தான் சொன்னேன். கிழவர் கேட்டுக்கொண்டே இடது தோளையும் அழுத்தினார், வலுவாகவே அழுத்தினார்.

"வலிக்கறதா?"

"இல்லே."

"வேதாந்த் வலது தோள்லே பழகிண்டுட்டான். அவனை இப்போ நகர்த்தறதா இல்லே" என்றார். சாமியின் முகம் விழுந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. வாயைத் திறக்கப் போனேன். கிழவர் கையைக் காட்டி நிறுத்தினார். "அந்தப் பக்கம் நம்ம ராகவனுக்கு முழங்கால் ஆபரேஷன். இடது தோளுக்கு ஆள் இல்லாம ஒரு வாரமாத் தவிச்சிண்டிருக்கேன். நீ அங்கே வா."

மறுநாள் காலை நானும் அக்காவும் சாமி வீட்டு வாசலில் அரவிந்தவல்லியோடு நின்றோம். கருடன் மேல் பெருமாள் தெருமுனையில் திரும்பினார். மாலை அலுங்கவில்லை. எங்கள் பக்கமாக, தண்டை இடது தோளில் தாங்கி, வியர்வை வழிய வந்தவர் ஸம்பத்குமார். வீட்டைத் தாண்டும்போது அவரால் தலையைத் திருப்ப முடியவில்லை, கண்ணை மட்டும் திருப்பினார்.

அக்கா என் கையைக் கிள்ளி, "பாரு, நம்ம தோளு" என்றாள். அரவிந்தவல்லி கர்ப்பூரத் தட்டோடு அசையாமல் நின்றார்.

"இத்தனை வருஷமும் அந்தப் பக்கம் போயிடுவார், எங்களுக்கு கருடன் மறைச்சுடும்" என்றார். "கல்யாணமாகிப் பதினஞ்சு வருஷம் ஆச்சு ஜெகன். பெருமாளைச் சுமக்கறச்சே இவர் முகம் எப்படி இருக்கும்னு இன்னிக்குத்தான் பாத்தேன்."